சட்டத்தில் திறந்த இரண்டு முகங்கள்

அந்த ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் மருந்து பூசுவதிலும் கழுவுவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் அறையில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிமேல் பச்சை எமல்ஷன் மருந்தைப் பூசிக் காயவைப்பாள். முதலாளி அதன்மேல் படம் கறுப்பாக அச்சான ஃபிலிமைப் பொருத்தி, பளீரென்ற வெள்ளை விளக்கைப் போடுவார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து திறக்கும். மை இறங்குவது அந்த வழியாகத்தான்.

"வெயில் பட்டா நாம உருகுறோம், இது இறுகுது பாரு" என்பார் முதலாளி. பதினோரு வருடமாக அதே நகைச்சுவை.

அன்று மதியம் ஒரு சட்டத்தை நீட்டினார். "நினைவு அட்டை. நாலு மணிக்கு ஆள் வந்துடுவாரு. சட்டுனு கழுவிடும்மா."

குழாயைப் பிடித்தாள். முதலில் எழுத்துகள் திறந்தன. அவளுடைய அப்பாவின் பெயர். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து, புள்ளி புள்ளியாக ஒரு முகம். சட்டத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு மீசை வெள்ளையாகவும் கன்னம் இருட்டாகவும் மாறித் தெரிந்தது. ஆனால் அந்தக் கோணல் மூக்கு மாறவில்லை. அப்பாதான்.

பக்கத்தில் இன்னொரு முகம், இரட்டைச் சடை போட்ட பெண். கீழே அவளுடைய சொந்தப் பெயரேதான். பிறந்த தேதி சரி. மறைந்த தேதி, அவள் வீட்டைவிட்டுப் போன மறுவாரம்.

கையிலிருந்த குழாய் நழுவித் தரையெல்லாம் வெள்ளம். முதலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா, ஷாக் அடிச்சிடுச்சா?"

"ஆமாண்ணே" என்றாள். வேறு என்ன சொல்வது?

பத்தொன்பது வயதில் மனசுக்குப் பிடித்தவனோடு கிளம்பியவள் அவள். ஏழு கடிதம் போட்டாள், பதிலே இல்லை. கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சாகடித்தே விட்டார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நாலு மணிக்கு வந்தவன் தாடி வைத்திருந்தான். மூக்கு மட்டும் அப்பாவுடையது. அவள் போனபோது தம்பிக்கு எட்டு வயது.

"அப்பா போன மாசம் தவறிட்டாரு" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே செய்யல. அதான் ரெண்டு பேருக்கும் சேர்த்தே போட்டுட்டேன்."

"அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று அவள் குறுக்கே கேட்டாள்.

"விஷக் காய்ச்சலுங்க. வெளியூர் ஆஸ்பத்திரியில. நான் முகத்தக்கூடப் பாக்கல."

"குருவி" என்றாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா மட்டுந்தான் என்னை அப்படி..." என்று தொடங்கியவன், பக்கத்திலிருந்த மை டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சூடாக இருந்தது. விடவே இல்லை.

"உயிரோடவா இருக்க?"

"ஏழு கடுதாசி போட்டேன்டா."

"ஒண்ணுகூட என் கண்ணுல படலக்கா!"

உடனே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். கிழவி அதிர்ச்சியில் விழுந்துவிடுவாளோ என்று இருவருக்கும் பயம். "அம்மா, பதறாத. அக்கா இங்க உயிரோட நிக்கிறா."

அந்தப் பக்கம் அலறல் எதுவும் எழவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. "அவ உடம்பு எப்படி இருக்கு?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டாருடா. அவகிட்டக் குடு. வந்துடச் சொல்லு. இனிமே தடுக்க ஆளில்ல."

அவன் போனை மேசையில் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டான். அம்மா அழைத்துக்கொண்டே இருந்தாள். "அப்புறம் பேசுறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வெளியே ஓடினாள்.

நடைபாதையில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தான். "நீ விட்டுட்டுப் போன பொட்டியத் தொறந்து தொறந்து அழுதிருக்கேன்க்கா. அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டேதான் இருந்தா."

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினாள்.

"எந்திரி. முதல்ல என் வீட்டுக்கு வா. உனக்கு ஒரு மருமக இருக்காடா, பதினாறு வயசு."