இதர விஷயங்கள்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. அக்காவின் கணவர் கேட்டார். அத்தான் இந்த ஊர் டாக்டர்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் இளம் டாக்டர்கள் சேருவதில்லை. சேர்ந்தாலும் அடுத்த வருடம் ஆளைக் காணோம்.

"மாப்ள, சங்கத்துல சேர்ந்தா என்ன நல்லதுன்னு மனசுல படுற மாதிரி ஒரு கதை குடு. இன்னிக்குச் சாயங்காலமே எங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டுடுறேன்."

கதையும் ஊசி மாதிரிதான், கையை நீட்டச் சொல்லிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். விஷயம் பிடிபடட்டும் என்று இன்று காலை சங்கக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

2

முதல் தொடக்கம்: 'கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மேடையில் நின்ற இளம் டாக்டரின் கண்களில்...'

பொய். யாரும் கைதட்டவில்லை. மேடையும் இல்லை. (மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலிகளுக்குத்தான் அடிதடி. இதை எழுதினால் அத்தான் கோபித்துக்கொள்வார்.)

இரண்டாவது தொடக்கம்: 'சங்கம் என்பது ஒரு குடும்பம். அதில்...'

எழுதும்போதே கொட்டாவி வந்தது. அப்போதுதான் கடைசி வரிசையில் தூங்கிய பெண் நினைவுக்கு வந்தார். கதை அங்கேதான் தொடங்குகிறது போலிருக்கிறது. சரியாகத் தெரியவில்லை.

3

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் இளம் டாக்டர்* அந்தப் பெண் ஒருவர்தான். இரவு முழுக்க அவசரப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். (இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நீங்களாவது அவரைத் தப்பாக நினைக்கக் கூடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.) முன்வரிசையில் இளம் டாக்டர்கள் ஏன் வருவதில்லை என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுப் போட்டி வைக்கலாம் என்றார் ஒருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு போதாது என்றார் இன்னொருவர்.

நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி, 'இதர விஷயங்கள்'. தலைவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். இதர விஷயங்கள் ஏதும் இல்லாததால் கூட்டம் நிறைவடைகிறது என்றார். எல்லோரும் எழுந்தார்கள். கடைசி வரிசையில் அந்தப் பெண் மட்டும் எழவில்லை.

அறை முழுக்க டாக்டர்கள் இருக்கும்போது இப்படி எழாமல் இருப்பது ஆபத்து. ஆளுக்கொரு கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். ஒருவர் கீழ் இமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார். இன்னொருவர் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து விரலில் குத்தினார். குத்தியதும் கண்விழித்தவர், "என் விஷயம் வந்துடுச்சா சார்?" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நார்மல்" என்றார் தலைவர்.

நார்மல் என்றதும் கூட்டம் கலைந்தது. நோய் இல்லையென்றால் அவர்களுக்குக் கேட்க வேறு கேள்வி இல்லை. அத்தான் ஒரு ஜூஸ் டப்பாவை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார், இந்தக் கதையோடு போடுவதற்கு.

* சங்கத்தில் தலை நரைக்கும்வரை எல்லோரும் 'ஜூனியர்'தான். நான் சொல்வது உண்மையிலேயே இளையவரை.

4

வாசல் படியில் உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?"

"நான் டாக்டர் இல்லைங்க. கதை எழுதுறவன்."

"பரவால்ல. நீங்களாவது கேளுங்க" என்று சொல்லத் தொடங்கினார். "போன வாரம் ஒரு பெரியவரைக் கொண்டு வந்தாங்க. வரும்போதே உயிர் இல்ல. அதைச் சொன்னதும் அவரோட பையன் என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டான். செவுத்துல போய் இடிச்சேன். இப்ப ஆஸ்பத்திரியில என்னையே மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க. நான் பக்குவமாச் சொல்லலையாம். நாளைக்குக் காலையில விசாரணை. கேக்கலைன்னா வேலை போயிடும்."

"கேக்கப் போறீங்களா?"

"தனியாப் போனா கேட்டுடுவேன். அதான் பயமா இருக்கு. கூட ஒரு சீனியர் டாக்டரைக் கூட்டிட்டு வரலாம்னாங்க. எனக்கு இங்க யாரையும் தெரியாது. அதுக்குத்தான் சங்கத்துலயே சேர்ந்தேன். கடைசியில பேசலாம்னு உக்காந்திருந்தேன். தூங்கிட்டேன்."

'அவர் குரல் உடைந்து...' என்று எழுதிவிட்டு அடித்தேன். உடையவில்லை. ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. பேர் மட்டும் வேண்டாம்."

5

காரில் அத்தானிடம் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டினார்.

"அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட அத்தான்?"

அத்தான் நல்ல மனிதர். (அக்காவைக் கேட்டால் கொஞ்சம் குறைத்துச் சொல்வாள்.)

"அந்த ஆஸ்பத்திரி ஓனர் என்கூடப் படிச்சவன். அவனுக்கு எதிர்ல போய் நான் எப்படி உக்கார்றது?" என்றார். பிறகு வண்டியை எடுத்தார். எங்கள் தெரு திரும்பும்போது, "ஒண்ணு செய். கதையில யாராவது ஒரு சீனியர் கூடப் போற மாதிரி எழுதிடு" என்றார்.

6

எழுதிப் பார்த்தேன். 'விசாரணை அறைக் கதவு திறந்தது. உள்ளே வந்த நரைத்த தலைக்காரர், "நான் இவங்ககூட வந்திருக்கேன்" என்றார்.'

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர்கள், யாரோ போய்விட்டார் என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். ஒருவரும் போகமாட்டார்கள்.

யாரும் வரவில்லை என்று முடித்தால்? அந்தப் பெண்ணும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். படிப்பார். நாளை நடப்பதை நானே இன்று முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும். நானே கூடப் போகலாமா? கதை எழுதுகிறவனை யார் உள்ளே விடுவார்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாடி பார்த்தால் என்னையும் நார்மல் என்றுதான் சொல்வார்கள்.

நான் உங்கள் குழுவில் இல்லை. அத்தானுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், ஓனரோடு ஒன்றாகப் படித்ததை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் இதைப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் தெரியாது. படத்தில் ஜூஸ் டப்பாவோடு இருப்பவர்தான் அந்த இளம் டாக்டர்.

விசாரணை அறைக் கதவு திறந்தது. உள்ளே வந்தவர்