பாதியில் நின்ற பேச்சு

"அப்ப இன்னிக்குச் சாகக் கூடாதுங்கிற. அவ்வளவுதானே?"

"நான் அப்படிச் சொல்லலப்பா" என்றாள் ரோசமண்ட், தலையணையை உயர்த்தி வைத்தபடி.

"உன் தம்பி சொன்னானா?"

"லயனல் எதுவும் சொல்லல. உங்க கையப் புடிச்சிக்கிட்டு சும்மா நின்னான், அப்புறம் ரயிலுக்குப் போயிட்டான்."

தார்ன்பெக் பிரபு சிரிக்க முயன்றார். இருமல்தான் வந்தது. அவர் மூச்சு நின்றால் பிரபுப் பட்டம் மகன் லயனலுக்கு. பிரபுவாகிவிட்டவன், மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது. கல்குவாரிக்காரர்களின் நெஞ்சுநோய்க்கு உதவித்தொகை கேட்டு லயனல் நான்கு வருடமாக அலைகிறான். இன்று மதியம்தான் பேச வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

"எனக்கும் இதேதான்" என்றார் பிரபு. "பேசிட்டிருந்தேன். ஒரு துண்டுச் சீட்டு கைமாறி வந்துச்சு. எங்கப்பா போயிட்டாரு. பாதியிலயே உக்காந்துட்டேன்."

"தெரியும்பா."

"எதிர்ப்பக்கம் ஒரு தையல்காரர் மகன் இருந்தான். எங்க வேட்டைநாய்களச் சொல்லி, 'நாய் வளர்க்கிறவரே, உக்காருமய்யா'ன்னு கத்துவான். எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? பிரபுக்கள் சபைக்குப் போனப்புறம் என்னை ஒருத்தனும் திட்டல. மரியாதையா தூங்கினாங்க."

அவள் சிரித்தாள். அவரும் கண்மூடிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. நர்ஸ் பிராக்டர் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ரோசமண்டுக்குப் புரிந்தது.

நடையில் தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து லயனலின் செயலாளர்.

"சார் இப்பத்தான் பேச எழுந்திருக்காரு, லேடி ரோசமண்ட். பெரியவர் எப்படி இருக்கார்? ஏதாவதுன்னா உடனே சீட்டு அனுப்பச் சொல்லியிருக்காரு."

திறந்த கதவு வழியே நர்ஸ் போர்வையை முகத்துக்கு இழுப்பது தெரிந்தது. ரோசமண்ட் வேண்டாமென்று கையசைத்தாள். போர்வை மார்போடு நின்றது.

"சபை எப்படி இருக்கு?"

"எதிர்க்கட்சி கத்துது."

"நல்லா கத்துறாங்களா?"

"ரொம்ப நல்லா."

"அப்பா சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு" என்றாள். குரல் ஆடவில்லை. "சீட்டெல்லாம் வேண்டாம். பேசி முடிச்சதும் கூப்பிடச் சொல்லுங்க."

நர்ஸ் வாசலுக்கு வந்தாள். "இறந்த நேரத்தக் குறிக்கணும், லேடி ரோசமண்ட்."

"குறிக்கலாம். மொதல்ல உக்காருங்க. தேநீர் ஆறுது."

நர்ஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கோப்பையை எடுத்தாள், குடிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே தோட்டக்காரர் விசிலடித்துக்கொண்டே இலைகளை வாரிக்கொண்டிருந்தார். அவரிடமும் யாரும் சொல்லவில்லை.

லண்டனில் லயனல் கடைசி வரி வரைக்கும் பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தான். அந்த நேரம் அங்கே நின்று பேசியது காமன்ஸ் சபை உறுப்பினரா, புதிய தார்ன்பெக் பிரபுவா? அந்தப் பேச்சு செல்லுமா, செல்லாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?