ஒவ்வொன்றும் நாற்பது

என் வாயைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடிநீர் அலுவலகத்தின் மீட்டர் பிரிவில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதிவர வேண்டியவர்களில் சிலர், டீக்கடையிலேயே உட்கார்ந்து மனதுக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் என் வேலை. பிடித்ததோடு விட்டால் நல்லவள். நான் விடமாட்டேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு நடு ஹாலில் நின்று, "எந்தப் புண்ணியவான் இதை எழுதினது? ஏழும் மூணுமா கொட்டிக் கிடக்கு, மருந்துக்குக்கூட ஒரு பூஜ்யம் இல்ல!" என்று சத்தமாக வாசிப்பேன். பிரிவே சிரிக்கும். எழுதியவன் மட்டும் தரையைப் பார்ப்பான்.

மந்திரம் ஒன்றுமில்லை. கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மீட்டர் 3482 என்று காட்டினால், கடைசியில் நிற்கிற அந்த இரண்டுக்கு யாரும் பொறுப்பில்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடி அங்கே வந்து நின்றிருக்கிறது. நிறைய வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லாம் ஏறக்குறைய சமமாக வரும். மனுஷன் உட்கார்ந்து கற்பனை செய்தால் அப்படி வராது. பூஜ்யமும் ஐந்தும் எழுதினால் பொய் தெரிந்துவிடுமோ என்று பயந்து, ஏழையும் மூன்றையும் கட்டிப் பிடித்துக்கொள்வான்.

என் தம்பி எனக்கு நேர் எதிர். வாயில்லாப் பூச்சி. தேர்தல் அலுவலகத்தின் முதல் மாடியில், வாக்குச்சாவடிகளிலிருந்து வரும் எண்களைத் தொகுக்கிற குமாஸ்தா. ஒன்றைச் சொன்னால் மறக்கமாட்டான். எட்டு வயதில் நான் ஒப்பித்த வாய்ப்பாட்டில் எந்த இடத்தில் திக்கினேன் என்பதைக்கூட இன்றைக்கும் சொல்வான்.

வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். போன தேர்தலில் கடைசி இலக்கங்களில் ஏழு அளவுக்கு மீறி வந்ததை யாரோ கண்டுபிடித்து ஏகப்பட்ட ரகளை. தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய், இந்தத் தடவை வெளி ஆள் ஒருவர் அந்தச் சோதனையைச் செய்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வாங்கியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் கேட்டான். நான் துணி மடித்துக்கொண்டே பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உன்னை ஏமாத்தணும்னா என்ன பண்ணணும்?"

"என்னை ஏமாத்தவா? அதுக்கு இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்."

அவன் சிரிக்கவில்லை. "சும்மா சொல்லேன்."

"எல்லா இலக்கத்தையும் கிட்டத்தட்ட சமமா போடணும். நானூறு எண் இருந்தா ஒண்ணு முப்பத்தஞ்சு தடவை, ஒண்ணு நாப்பத்தாறு தடவை, இப்படி முன்னப்பின்ன இருக்கணும். ஆனா அச்சடிச்ச மாதிரி ஒவ்வொண்ணும் நாப்பதுன்னு மட்டும் போட்டுடக்கூடாது. நிஜத்துல அப்படி வரவே வராதுடா. திருடன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒவ்வொண்ணும் நாப்பதுன்னு போடக்கூடாது" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னான். பிறகு ஒரு துண்டை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைத்தான்.

"யாராவது கேட்டாங்களாடா?"

"இல்லக்கா."

அவன் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். அன்றைக்கு மேகமூட்டம் என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வாக்கு எண்ணிக்கைக்குப் போனவன் ஒன்பது நாளாக வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. கேட்டால், "வேலை அதிகம், இங்கேயே தங்கியிருக்கார்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தம்பி மனைவி தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு அழுவாள். "மாத்துத் துணி கொடுத்தா வாங்கிக்கிறாங்க அக்கா. அழுக்குத் துணி மட்டும் திரும்பி வரவே மாட்டேங்குது."

பத்தாம் நாள் எனக்குக் கடிதம் வந்தது. சோதனையைச் செய்யப்போகிற வெளி ஆள் நான்தானாம். அங்கே வேலை செய்பவனுடைய சொந்த அக்காவைப் போய் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் நுழைய வழி கிடைத்ததே போதும் என்று இருந்தது. நான் போனது தம்பியைப் பார்க்க, சோதனை ஒரு சாக்கு.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அங்க போய் எதுவும் பேசிடாதீங்க" என்றாள் தம்பி மனைவி.

"வாயையே திறக்கமாட்டேன், போதுமா" என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தரைத்தளத்தில் ஓர் அறை. ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்பக்கமாக வெள்ளை வர்ணம் அடித்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். அதட்டத் தெரியாத குரல். தானே எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி மேலதான் இருக்கார். வேலையை முடிங்க, பார்த்துட்டுப் போகலாம்" என்றார். தலைக்கு மேலே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். மனசு கொஞ்சம் அடங்கியது.

நானூறு வாக்குச்சாவடி. ஒவ்வொன்றிலும் ஜெயித்தவர் வாங்கிய ஓட்டு. கம்ப்யூட்டரை நகர்த்தி வைத்துவிட்டு, தாளில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை வரிசை போட்டேன். நாலு கோடு இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு. கை பழகிய வேலை. அதிகாரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை.

கடைசிக் கோட்டைப் போட்டு நிமிர்ந்தேன். பத்து வரிசை. ஒவ்வொன்றிலும் எட்டுக் கட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலது ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது போல நேராக நின்றது.

பதினேழு வருடத்தில் இப்படி ஒன்று என் கையில் மாட்டியதில்லை. எனக்குள்ளிருக்கிற பிசாசு எழுந்துகொண்டது. எந்த இடம், எதற்காக வந்தேன், யார் தலையில் கை வைத்தேன், எல்லாம் போய்விட்டது. எங்கள் ஹாலில் நிற்கிற மாதிரியே எழுந்து நின்று தாளைத் தூக்கிப் பிடித்தேன்.

"எந்தப் புண்ணியவான் இதை எழுதினது? ஒவ்வொண்ணும் நாப்பது! ரெண்டாயிரம் கோடி தேர்தல் நடத்தினா ஒரு தடவை இப்படி வரலாம். நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி..."

நாக்கு அங்கேயே நின்றது.

ஒன்றைச் சொன்னால் மறக்காதவன். முன்னப்பின்ன இருக்கணும் என்று சொன்னதும் அவனுக்குத் தெரியும், ஒவ்வொன்றும் நாற்பது போடக்கூடாது என்று சொன்னதும் தெரியும். தெரிந்தேதான் போட்டிருக்கிறான். எண்களை அவன் கையால் எழுத வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, இது பொய் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அதிகாரி பேப்பரை நாலாக மடித்து ஓரமாக வைத்தார்.

"எல்லாம் சமமா இருந்தாத்தான் சுத்தம்னு சொன்னாரே உங்க தம்பி. அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே செஞ்சிருக்கேன், சோதனைக்கு அக்காவையே கூப்பிடுங்கன்னும் சொன்னார்." குரல் ஏறவே இல்லை. "அப்ப நீங்க தப்பா சொல்லிக்கொடுத்தீங்களா? இல்ல, அவர் வேணும்னே இப்படிச் செஞ்சாரா?"

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்." என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "அவன் மேல தப்பில்ல. ஒவ்வொண்ணும் நாப்பது போடுன்னு நான்தான் சொன்னேன். எனக்கு இதெல்லாம் அரைகுறையாத்தான் தெரியும்."

"பதினேழு வருஷமா இதே வேலை. பார்த்த உடனே ரெண்டாயிரம் கோடின்னு சொல்றீங்க. நீங்க தப்பா சொல்லுவீங்களா?"

அவர் எழுந்து வெளியே போனார். கதவை மூடவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறியது, ஒருவருடையது அல்ல. தலைக்கு மேலே மறுபடி நாற்காலி நகர்ந்தது. நான் தாளைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். தாளைக் கிழித்து என்ன ஆகப்போகிறது? சொன்னதைக் கிழிக்க முடியுமா?

அவர் திரும்பி வரும்போது கையில் தட்டச்சு செய்த கடிதம் இருந்தது. கடைசி இலக்கச் சோதனையில் முறைகேடு எதுவும் தென்படவில்லை என்று என் பெயரில் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டு வெளிய பெஞ்சுல உட்காருங்க. தம்பி இறங்கி வருவார், கூட்டிட்டுப் போங்க."

போட்டேன். வேறென்ன செய்வேன்? அவன் வந்தால் போதும் என்றிருந்தது. நான் கோடு போட்ட தாளை அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாடிப்படிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கூட்டம் குறைந்து, தனித்தனியாகி, நின்றே போனது. காவலாளி சாவிக்கொத்தோடு வந்து படிக்கட்டின் கம்பிக் கதவை இழுத்தார்.

"அண்ணே, மேல ஆள் இருக்கு. என் தம்பி."

"மேல யாரும் இல்லையேம்மா. ஒரே ஒரு குமாஸ்தாதான் தங்கியிருந்தார். மத்தியானம் உங்க ரூம்லருந்து சார் வெளிய வந்தாரே, அப்பவே ரெண்டு பேர் போய்க் கூட்டிட்டு வந்து பின்வாசல்ல வண்டி ஏத்திட்டாங்க."

"எங்க?"

அவர் பூட்டைப் பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

கைப்பையில் போன் அடித்தது. தம்பி மனைவி. மூன்றாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தேன்.

"அக்கா, பார்த்தீங்களா? என்ன சொன்னார்?"

"சொன்னான்மா" என்றேன். "எனக்கு மட்டும் புரியுற மாதிரி எழுதி அனுப்பினான். நான் அதை அவங்ககிட்டயே சத்தமா வாசிச்சுக் காட்டிட்டேன்."