மாமா மாற்றிய மொழிகள்

“பத்தாவதையே பாதியில விட்டவ, உனக்கு இதெல்லாம் புரியுமா?”

அக்கா புருஷன் ஒருநாள் என்னை இப்படிக் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றிருந்தது. நாற்காலிக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த நான், அது என்ன மாமா என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அவருக்கும் அது புரியவில்லை என்று. அந்த மொழியையே தலைமுழுகிவிட்டு வேறொன்றை ஆரம்பித்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கும் மொழிகள் உண்டாம். அதில் எழுதினால் சொன்னபடி கேட்குமாம். செல்போன் கடையில் விற்பனை வேலை பார்த்த மாமா, முதலாளி மரியாதை தரவில்லை என்று வேலையை உதறிவிட்டு, தானே படித்து புரோகிராமர் ஆகப்போவதாக அறிவித்தார். படிப்பது என்றால் வீடியோ பார்ப்பது. கீபோர்டில் பட்டதைவிட அவர் கை டீ டம்ளரில் பட்டதுதான் அதிகம். எங்கே தப்பு என்று சிவப்பு வரி வருகிறதோ அங்கே பாடம் நின்றுவிடும். “இதுக்கு இப்ப மார்க்கெட் இல்ல” என்பார். அடுத்த மொழிக்குத் தாவுவார். நாங்கள் மிக்ஸி போடக்கூடாது, குழாயை வேகமாகத் திறக்கக்கூடாது. மேதைக்குக் கவனம் சிதறும்.

மேதைக்குச் சோறு போட்டது அக்கா. தையல் தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. வேறு ஊரில் திறக்கும் கிளைக்கு சூப்பர்வைசராக வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். புருஷனுக்கு இன்டர்வியூ இருக்கிறது, முடிந்ததும் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். மானேஜர் கொடுத்த கெடு, இன்டர்வியூ நடந்த அன்று சாயங்காலத்தோடு முடிவதாக இருந்தது. அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

இன்டர்வியூ வீடியோவில். மாமாவுக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டவுசர். அக்காவும் நானும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தான் சொந்தமாகச் செய்தது என்று ஒரு வெப் பக்கத்தைக் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திரையில் கேள்வி கேட்ட பெண்ணும் பாராட்டினாள். அதில் இருந்த நீலப் பட்டனைப் பச்சையாக மாற்றிக் காட்டச் சொன்னாள்.

மாமா அந்தப் பக்கத்துக்காக எழுதிய வரிகளில் மேலே போனார், கீழே போனார். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு வீடெல்லாம் துழாவுகிற மாதிரி. நீலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியவில்லை. மாற்றக்கூட வேண்டாம், இடத்தைக் காட்டினால் போதும் என்று அவள் இறங்கிவந்தாள்.

அப்போது மாமா ஒரு காரியம் செய்தார். வாயைப் பாதி திறந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி, அப்படியே சிலையாகிவிட்டார். இமைகூட ஆடவில்லை. நெட் போய்ப் படம் உறைந்துவிட்டதாம். இத்தனை நாளில் அவர் முழுசாகக் கற்றுத் தேறிய வித்தை அது ஒன்றுதான்.

அந்தப் பெண் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

“சார்,” என்றாள் மெதுவாக, “பின்னாடி ஃபேன் சுத்துது.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

வெளியே வந்தவர் எங்களைப் பார்த்தும் கூசவில்லை. “அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியல. மொழி தேர்ந்தெடுத்ததுலதான் தப்பு. நாளைக்கே வேற ஒண்ணு ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, என்ன? ஒரு டீ போடு.”

அக்கா ஆணியில் தொங்கிய தொழிற்சாலை அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“இன்னைக்கு லீவுதானே, எங்க கிளம்பிட்ட?” என்றார் மாமா.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அவரைத் தாண்டி, கதவைக்கூடச் சாத்தாமல் படியிறங்கிப் போனாள்.