இடப்பக்கம் குறிக்காத படங்கள்

“ஏதோ கேக்க வாய் திறந்தீர். என்னெண்டு சொல்லும்.”

“ஒண்டுமில்லை. நோர்வேயில கோட்டு இல்லாமல் விறைச்சுப் போவீங்கள் எண்டு சொல்ல வந்தனான்.”

“பொய். பொய் சொன்னா உமக்கு மூக்குச் சிவக்கும்.”

வெள்ளவத்தைக் கடற்கரையில் யோகநாதனும் கொன்ஸ்ரன்ஸும் கதைத்தது அது. மூளை ஸ்கான் படங்களில் கட்டியைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கும் ஆராய்ச்சிப் பதவி அவனுக்கு நோர்வேயில் கிடைத்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்கத்தான் அவள் வாய் திறந்தாள். ஆனால் அண்ணனை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டுபோய் அவன் திரும்பாத பிறகு, கொட்டாஞ்சேனையில் அம்மாவுக்கு அவள் மட்டும்தான்.

அடுத்த கிழமை பொலிஸ் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பையில் மண்டை ஓட்டுப் படங்கள். ஆருடைய தலைகள் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். விட்ட பிறகு, “தலையில சின்ன அடி” என்றதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

நோர்வேக்கு மாதிரிப் படங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் குறித்ததை மற்றவர் பாராமல், இருவரும் தனித்தனியே கட்டியைச் சுற்றிக் கோடு போட வேண்டும். கொன்ஸ்ரன்ஸ் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுப்பவள். இரண்டாவது கண் அவளுடையது. இருவர் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தாள். இடப்பக்கத்தில் அவன் எதையும் குறிக்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தாள். அடுத்த படத்திலும் இல்லை. தேசிக்காய் அளவு பெரிய கட்டியைக்கூட விட்டிருந்தான்.

எழுந்துபோய் அவனுடைய இடப்பக்கம் நின்று கையை அசைத்தாள். அவன் திரும்பவில்லை.

“எப்ப இருந்து?”

திடுக்கிட்டான். “என்ன எப்ப?”

“இந்தப் பக்கம் தெரியாதது.”

“அவங்கள் அடிச்சு விட்ட நாளில இருந்து. ரெண்டு கண்ணிலயும் பாதி. இனித் திரும்பாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.” சிரிக்கப் பார்த்தான். “ஒரு லாபம், பாதிப் பொலிஸைத்தான் காணவேணும்.”

அவள் கதிரையை அவனுடைய வலப்பக்கம் இழுத்துப் போட்டு இருந்தாள்.

“வரேல்லை எண்டு எழுதப்போறன், கொன்ஸி. பாதிப் படம் பாக்கிறவன் அவைக்கு எதுக்கு?”

“உண்மையை எழுதுங்கோ. புரோகிராம் எழுதத்தானே உங்களைக் கேட்டவை. கோடு போட அங்க ஆக்கள் இருப்பினம்.”

“காலி வீதியைத் தனியக் கடக்க ஏலாமல் நிக்கிறன். அங்க போய் எப்பிடி?”

அம்மா இப்போதும் அண்ணனின் சேர்ட்டை ஞாயிறுதோறும் அயன் பண்ணி வைக்கிறாள். காத்திருக்கும் அம்மாவின் அந்த முகம் கொன்ஸ்ரன்ஸுக்கு நன்றாகவே தெரிந்தது. அது தெரிந்தும், அவள் கேட்டாள்.

“என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”