நாற்பத்து மூன்றில் நிற்கும் பேக்கேஜ்

மாதனூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைக் கொண்டுவந்து நுழைத்தவன் ரெனால்ட். "வைரஸே வராது சார்" என்று மேனேஜர் மக்பூல் அகமதுவிடம் மார்தட்டியிருந்தான். வைரஸ் வரவில்லைதான். பிரிண்டரை ஓட்டும் சாஃப்ட்வேர் பேக்கேஜ் உடைந்துபோய், மூன்று வாரமாக ஷூ பெட்டி லேபிளை பேக்கிங் முனியம்மா கோஷ்டி கையால் எழுதிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு பிரிண்டு வரணும். இல்லன்னா பழையபடி சோலுக்குப் பசை தடவப் போ" என்று சொல்லிவிட்டு மக்பூல் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். அந்தப் பசை நாற்றத்தை நினைத்ததுமே ரெனால்ட் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

கம்பெனிக்கு ஒரே டெலிபோன் லைன். அது ஓய்வதே வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில்தான். அப்போது புது பேக்கேஜுக்கு டவுன்லோடைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவான். வந்து பார்த்தால் நாற்பத்து மூன்று சதவீதத்தில் நிற்கும். மூன்று வெள்ளியும் அதே நாற்பத்து மூன்று! எரிச்சலில் அதை அழித்துவிட்டு, லினக்ஸ்காரர்களைத் திட்டி மெயில் வேறு போடுவான், மகராசன்.

இன்று சோற்றை மறந்து காவல் இருந்தான். நாற்பத்திரண்டு... நாற்பத்து மூன்று. டப்பென்று ஃபேன் நின்றது, மோடமும் அணைந்தது. வெளியே ஓடினான். வாட்ச்மேன் ஹயாத் பாஷா மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இன்னா பண்றீங்க?"

"ஜும்மாக்கு மெயின் ஆஃப் பண்றதுதானப்பா. இருபது வருசமா பண்றேன், இன்னிக்கு புதுசா கேக்கற?" சாவியோடு சைக்கிளில் போயேவிட்டார்.

கம்ப்யூட்டர் மட்டும் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தது. யூபிஎஸ்ஸில் இன்னொரு பாயின்ட்தான் உண்டு. அதில் மக்பூல் பிள்ளைபோல வளர்க்கும் தங்கமீன்களின் காற்று மோட்டார் ஓடியது. ஆண்டவரே மன்னியும் என்று அதைப் பிடுங்கி மோடத்தைச் சொருகினான். மறுபடி லைன் கிடைத்து, விட்ட இடத்திலிருந்து டவுன்லோட் நகர்ந்தது.

ஐந்தே நிமிடத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.  ரெனால்ட் கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ராவை எடுத்துத் தொட்டிக்குள் விட்டு ஊதத் தொடங்கினான்.

மக்பூல் திரும்பியபோது கரன்ட் வந்திருந்தது, பிரிண்டர் லேபிளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மோட்டாரைத் திரும்பச் சொருகும் நினைப்பே இல்லாமல் ரெனால்ட் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தான். மக்பூல் லேபிளைப் பார்த்தார். ஸ்ட்ராவைச் சுற்றிக் குதூகலமாக வட்டமடித்த மீன்களை வெகுநேரம் பார்த்தார்.

"பசைக்கு நீ போவ வேணாம்பா."

"ரொம்ப தேங்க்ஸ் சார்!"

"இன்னா நிறுத்திட்ட? ஊது. இனிமே வெள்ளிக்கிழமை மோட்டாரே வேணாம்."