படகுக்காரியின் முதல் கேள்வி

அந்தப் போன் விளையாட்டை வெளியே விடச் சில நாள்தான் பாக்கி இருந்தது. அந்த நேரத்தில் கத்தரி வந்து யார் மேசையருகில் நின்றாலும் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது அவள் வேலை. முதுகுக்குப் பின்னால் கத்தரி, முகத்துக்கு நேரே அக்கா.

அன்று அவள் வந்து நின்றது கிளைக்காரியின் மேசையில்.

"படகுக்காரியோட கடைசிக் காட்சியை எடுத்துடறேன்மா."

"எந்தக் காட்சி, அக்கா?"

தெரியாமல் கேட்கவில்லை. கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

"துடுப்பு குடுப்பாளே, அது. மூணு சுற்று சோதனை முடிஞ்சாச்சு. ஒருத்தர்கூட அங்க போய்ச் சேரலை. யாரும் பார்க்காத காட்சியை எதுக்குக் கட்டிச் சுமக்கணும்? திங்கட்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். வழி இருந்தா காட்டு."

கத்தரி போன பிறகும் கிளைக்காரி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த விளையாட்டில் ஆடுபவர் ஒரு வழிப்போக்கன். மந்திரக் காடும் பேய் மலையும் தாண்டிப் போகிற அவனுக்குத் துணையாக ஒரு படகுக்காரி வருவாள். அவளிடம் அவன் சொல்கிற பதில்களைப் பொறுத்து அவள் கதை கிளை கிளையாகப் பிரியும். அந்தக் கிளைகளை எழுதியவள் இவள். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு கிளையில் படகுக்காரி பாதி வழியில் விட்டுவிட்டுப் போவாள். இன்னொன்றில் செத்துப்போவாள். கடைசிவரை ஒரு பொய்கூடச் சொல்லாதவனுக்கு மட்டும், ஆற்றில் மூழ்கிப்போன தன் தம்பியின் கதையைச் சொல்லிவிட்டு, யாருக்கும் கொடுக்காத துடுப்பைக் கையில் கொடுப்பாள்.

"நீ ஒரு தடவைகூட என்கிட்ட பொய் சொன்னதில்ல. இந்தா. இனிமே நீ போடு."

அந்தக் குரல் சித்தியுடையது. அம்மாவின் தங்கை. அழுகிற குழந்தையிலிருந்து சோப்பு விளம்பரத்துச் சிரிப்புவரை எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்துப் பிழைத்தவள். தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும், ஆபரேஷனுக்கு முன்னால் இந்த வேலையை முடித்துத் தருகிறேன் என்று அவளே கேட்டு வந்தாள். துடுப்புக் காட்சியைத்தான் கடைசியாகப் பேசினாள். அதற்கப்புறம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். காட்சியை வெட்டினால் வெட்டுப்படுவது எது என்று கத்தரிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் திங்கட்கிழமை வரை கொடுத்தாள்.

கிளைக்காரி பூச்சி அண்ணனிடம் போனாள். விளையாட்டில் வருகிற கோளாறுகளை அங்கே பூச்சி என்பார்கள். அவற்றைத் தேடிப் பிடிக்கிற அண்ணனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

"நான் என்ன ஆடாமலா இருந்தேன்?" என்றார் அவர். "பொய்யே சொல்லாம ஆடினேன்மா. வீட்ல பொண்டாட்டிகிட்டகூட அவ்வளவு உண்மை பேசினதில்ல. அப்பவும் உன் படகுக்காரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா."

"மறுபடி முதல்லேர்ந்து ஆடுங்கண்ணா. நான் பக்கத்துல இருக்கேன்."

வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. முதல் ஆற்றில், படகில் கால் வைத்ததுமே அவள் கேட்பாள்: "நீந்தத் தெரியுமா?" கீழே இரண்டு பதில்கள். 'தெரியும்.' 'நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்?'

வழிப்போக்கன் தண்ணீரையே பார்க்காத வறண்ட ஊர்க்காரன். அதனால் முதல் பதில் பொய். இரண்டாவது, மூழ்குவதற்கு முன் அவள் தம்பி சொன்ன அதே சமாளிப்பு. அதையும் பொய்க் கணக்கில்தான் சேர்த்திருந்தாள் கிளைக்காரி. 'தெரியாது' என்று மூன்றாவது பதில் ஒன்று முதலில் இருந்தது. போன் திரையில் இரண்டுக்குத்தான் இடம் என்று வடிவமைப்பாளர் சொன்னபோது, மூன்றில் சப்பென்று இருந்ததை அவளே எடுத்துப்போட்டாள். மாயக் கதையில் வீரனாக வருபவன் எவன் 'தெரியாது' என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அதை எடுத்தபின், எந்தப் பதில் பொய் என்று போட்டிருந்த குறிகளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"அடிப்பாவி!" என்றார் பூச்சி அண்ணன். "எவன் ஆடினாலும் ஏறின உடனே பொய்யனா? பாவம்மா ஜனங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி விடு. ரெண்டாவது பதில்ல இருக்கற பொய்க் குறியை எடுத்துடு. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுடும்."

கை விசைப்பலகைக்குப் போனது. அழுத்த முடியவில்லை. சமாளித்தவனுக்கும் துடுப்பு கிடைக்கும் என்றால், 'ஒரு தடவைகூட' என்று சித்தி சொன்னது பொய்யாகிவிடும். தன் தொண்டையால் அவள் கடைசியாகச் சொன்னது அது. இது நியாயமா, வெறும் பிடிவாதமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டாள்.

அந்தச் சமாளிப்பு இருந்த இடத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். அப்போதுதான் அடுத்த சிக்கல் முளைத்தது. 'தெரியாது' என்பவனுக்குப் படகுக்காரி என்ன பதில் சொல்வாள்? அதை யாரும் பதிவு செய்யவில்லை.

"இருக்கற பதிவை வச்சு கம்ப்யூட்டரே அவங்க குரல்ல பேசிடும்மா" என்றாள், விஷயம் கேள்விப்பட்டு வந்த கத்தரி. இதமாகத்தான் சொன்னாள். "ரெண்டு வார்த்தைதானே. ஆனா அவங்க சம்மதம் இல்லாம தொடக்கூடாது. நீயே கேட்டுட்டு வா."

வீட்டுக்கு வந்தபோது சித்தி ஜன்னலோரக் கட்டிலில், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் எழுதி எழுதி அழிக்கிற பலகை. அம்மா வாசற்படியில் நின்று பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கிளைக்காரி கட்டிலின் நுனியில் தொற்றிக்கொண்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். சித்தியின் தோள்கள் குலுங்கின. இப்போதெல்லாம் அவள் சிரிப்பு அப்படித்தான். பலகையில் எழுதினாள்: 'நீ பண்ற கூத்துக்கு நான் ஓவர்டைம் பாக்கணுமா?'

"கம்ப்யூட்டர் பேசிடும்னு சொல்றாங்க சித்தி. உங்களுக்குச் சம்மதம்னா..."

சித்தி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள். அழித்துவிட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

'அது வேணாம். நானே பேசறேன். எப்போ பேசலாம்?'

இந்தக் கேள்வி அந்த வீட்டுக்குப் புதிதில்லை. அம்மா எப்போதும் "சீக்கிரமே, முதல்ல புண் ஆறட்டும்" என்பாள். கிளைக்காரி "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சித்தி" என்பாள். டாக்டரோ போன வாரமே இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: குரல் திரும்புவதற்கு எதிர்பார்த்திருந்த கருவி இவளுக்கு ஒத்துவராது. வேண்டுமென்றால் கழுத்தில் வைத்து அழுத்துகிற யந்திரம் கிடைக்கும். அதில் வருவது யந்திரத்தின் சத்தம், இவள் குரல் இல்லை. "இப்ப சொல்லித் தொலைக்காதே, உடைஞ்சுபோயிடுவா" என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தியம் வாங்காத குறை.

இப்போதும் அந்த இரண்டு பதில்கள்தான் நாக்கின் நுனியில் வந்து நின்றன. நிமிர்ந்தாள். சித்தியின் தலைக்குப் பின்னால், வேண்டாம் வேண்டாம் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பேச முடியாது சித்தி."

ஆற்றிக்கொண்டிருந்த பால் தரையில் சிந்தியது. "ஏண்டி..." என்றாள் அம்மா.

"அந்தக் கருவி உங்களுக்குச் சேராதாம். போன வாரம் சொன்னாங்க. யந்திரம் வச்சுப் பேசலாம். ஆனா உங்க குரல் வராது."

சித்தி பலகையைப் பார்த்தாள். எழுதியிருந்ததை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் வெறும் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று கிளைக்காரிக்குத் தோன்றியது. எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினாள்.

சித்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டில் நுனியிலிருந்து நடுவுக்கு இழுத்து உட்கார வைத்தாள். அவள் கையை எடுத்துக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கவில்லை. அந்தப் பிடி வெகுநேரம் தளரவில்லை.

வெளிச்சம் மங்கியபோதுதான் பலகையை எடுத்தாள். முதலில் அம்மாவுக்கு எழுதினாள்: 'பால் போச்சா? வேற காய்ச்சு. எனக்குப் பசிக்குது.' அம்மா அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள்.

"படகுக்காரி என்ன சொல்வா சித்தி?" என்று மெல்லக் கேட்டாள் கிளைக்காரி.

சித்தி எழுதினாள்: 'ஒண்ணும் சொல்ல மாட்டா.'

அப்படியே செய்தார்கள். 'தெரியாது' என்று சொன்னவனைப் படகுக்காரி ஒரு நொடி பார்ப்பாள். விளிம்பிலிருந்து அவனை நடுப்பலகைக்கு நகர்த்துவாள். அவன் கையை எடுத்துச் சட்டத்தில் வைத்து அழுத்திவிட்டு, படகைத் தள்ளுவாள். திங்கட்கிழமை பூச்சி அண்ணன் முதலிலிருந்து ஆடினார். கத்தரி பின்னால் நின்று பார்த்தாள். ஆற்றங்கரை வந்தது, துடுப்பு கை மாறியது, சித்தியின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. பூச்சி அண்ணன் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

"இது இருக்கட்டும்" என்றாள் கத்தரி. அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

விளையாட்டு வெளியான அன்று கிளைக்காரி அதைப் போனில் ஏற்றிச் சித்தி கையில் கொடுத்தாள். அம்மாவும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இதிலெல்லாம் அவளுக்கு ஒன்றும் புரியாது. வறண்ட ஊர் போனது. ஆறு வந்தது. அந்த அறையில் எத்தனையோ நாளாகக் கேட்காத குரல் கேட்டது.

"நீந்தத் தெரியுமா?"

சித்தி பதில் எதையும் தொடவில்லை. போனைத் தன் அக்காவின் பக்கம் நீட்டினாள்.

"நானா? எனக்கு இதெல்லாம்..." என்ற அம்மா, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு பதில்களையும் வாய்விட்டுப் படித்தாள். விரல் கொஞ்சநேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு 'தெரியாது' என்பதன்மேல் இறங்கியது.

படகு நகர்ந்தது.